ஏலத்துக்குப் போன ஆறு நாற்காலிகள்

பல் டாக்டர் இறந்து ஒரு வருடம் கழித்து, அவருடைய கிளினிக்கைக் காலி செய்யும் வேலை மகன் தலையில் விழுந்தது. மற்றதெல்லாம் போனபின், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஆறு மஹோகனி நாற்காலிகள் மிஞ்சின.

ஏலக் கம்பெனியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நூறு வருஷத்துக்கு மேல இருக்கும் சார். ஆறும் ஒரே செட்டா இருக்கறதுதான் விசேஷம். பாலிஷ் கீலிஷ் போட்டுடாதீங்க, பாதி விலை போயிடும்." கைப்பிடியைத் தடவினார். "இதென்ன இவ்வளவு கீறல்?"

"அப்பாகிட்ட பல்லு பிடுங்க வந்தவங்க நகம்."

மதிப்பீட்டாளர் சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மகனின் மனைவி.

"அவளுக்கு இருக்கறது ரெண்டு ரூம். அதுல தையல் மெஷின் வேற. ஆறு நாற்காலிய எங்க போடுவா? வித்துட்டு பாதியக் கையில குடுத்தா சந்தோஷப்படுவா."

அவர் மனதில் கள்ளமில்லை. கேட்கத்தான் தோன்றவில்லை.

ஏலத்தன்று முன்வரிசையில் இருந்த ஓட்டல்காரர் ஒருவர் விடாமல் கேட்டார். அவருக்கு எதிராக, தொலைபேசியில் யாரோ ஒருவர். கம்பெனிப் பெண் ரிசீவரைக் காதில் வைத்தபடி கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். மதிப்பிட்டதைப் போல மூன்று மடங்கு ஏறியதும் ஓட்டல்காரர் தலையாட்டி விலகிக்கொண்டார். சுத்தியல் தட்டியது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று அண்ணன் மனதுக்குள் வாழ்த்தினார்.

பணம் கைக்கு வந்த அன்றே தங்கை வீட்டுக்குப் போனார். கதவு முழுதாகத் திறக்கவில்லை. உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதவை இடித்துக்கொண்டு இரண்டு, மெஷினை ஒட்டி இரண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு.

"போன்ல கேட்டது நீயா?"

"ஆமாண்ணா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"ஏலப் புத்தகத்துல படத்தப் பாத்ததும் உன்னக் கூப்பிடத்தான் போன் எடுத்தேன். நீ முடிவு பண்ணி, அச்சடிச்சும் வந்தாச்சு. இனிமே வேணும்னு கேட்டா, அண்ணன் காசுக்குக் குறுக்க நிக்கறேன்னு ஆயிடும்." அவள் துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "நீ ஹாஸ்டல்ல இருந்த. நான் ஸ்கூல் விட்டு வந்தா அந்த ரூம்லதான். பயந்துபோய் வர பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கறது என் வேலை."

"இவ்வளவு பணம் ஏது?"

"கடை போட வெச்சிருந்தேன்."

அவர் ஏலப் பணம் இருந்த உறையை முழுசாக நீட்டினார். அவள் பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். எவ்வளவு மன்றாடியும் வாங்கவில்லை. கம்பெனியின் கமிஷன் வேறு போயிருந்தது. அந்தப் பாதியில் கடைக்கு முன்பணம்கூடத் தேறாது.

அதற்குப் பிறகும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தது. அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர்தான் மாறிப்போனார். அப்பாவின் பழைய கடிகாரத்தைப் பழுது பார்ப்பதா, குடையைத் தூக்கிப் போடுவதா என்று எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

"உன் இஷ்டம்ணா" என்கிறாள், ஒவ்வொரு தடவையும்.