அனு விட்டுவைத்த கட்டம்

பள்ளியில் பொறுப்புகளைப் பிரித்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் நான்தான். இருபது வருடமாக வணிகவியல் நடத்துகிறவனுக்கு இரண்டு நாள் பயிற்சி, ஒரு கட்டுப் படிவம். பிளஸ் டூ பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் மேலே என்ன படிக்க விரும்புகிறார்கள் என்று எழுதி வாங்கி, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கணினியில் ஏற்ற வேண்டும்.

வாங்கி மேசையில் போட்டதோடு சரி, நான் எதையும் படிக்கவில்லை. அனுவின் படிவத்தில் ‘விருப்பம்’ கட்டம் காலி என்பது வெள்ளிக்கிழமை மதியம்தான் கண்ணில் பட்டது. காலியாக விட்டால் ‘விருப்பமில்லை’ என்று பதிவாகிவிடும். அப்புறம் கல்லூரி விண்ணப்ப உதவிக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள். அவசரமாக அவளையும் அவள் அப்பா வீரமணியையும் வரவழைத்தேன். வல்லம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரியை விட்டுவிட்டு வந்த கடுப்பு முகத்தில் தெரிந்தது.

“இதுல இன்னா சார் யோசனை? நர்சிங்னு போடுங்க.”

“போன மாசம் ரத்தப் பரிசோதனை கேம்ப்ல, பக்கத்துப் பொண்ணுக்கு ஊசி போட்டதுக்கே இவ மயங்கி விழுந்துட்டா.”

“அப்ப போலீஸ்னு போடுங்க.”

அனு சுவரில் மாட்டியிருந்த செஞ்சிக்கோட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் அதே மலை தெரியும். படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது. யார்மேலாவது காட்ட வேண்டுமே என்று மற்ற படிவங்களைப் புரட்டினேன். பத்தொன்பது படிவங்களில் ஒரே கையெழுத்து.

எங்கள் ஊரில் ரேஷன் கார்டோ சாதிச் சான்றிதழோ, எந்தப் படிவமும் பஸ் ஸ்டாண்டு பக்கம் அரிகிருஷ்ணன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த்தான் நிரம்பும். எம்.ஏ. படித்தவர்களும் அங்கே போய் நிற்பார்கள்.

“பிள்ளைங்க வாழ்க்கைய ஜெராக்ஸ் கடைக்காரரு எழுதியிருக்காரு. போன் போட்டு நல்லா கேக்கறேன்” என்றேன்.

“அது என் கையெழுத்து சார்” என்றாள் அனு. “சாயங்காலத்துல அந்தக் கடையில நான்தான் ஃபாரம் எழுதறேன்.”

உட்கார்ந்து படித்தேன். ஆதவன்: ‘ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். வீட்டில் இன்ஜினியரிங் என்கிறார்கள். கணக்கு வராது என்று அவனே ஒப்புக்கொண்டான்.’ ஜெனிபர்: ‘கேட்டரிங். வெட்கப்பட்டு முதலில் டீச்சர் என்று சொன்னாள்.’ பெலிக்ஸ்: ‘மூன்று தடவை மாற்றினான். இப்போதைக்கு வேளாண்மை டிப்ளமோ. மறுபடி கேட்கவும்.’

நான் செய்ய வேண்டிய வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப சாரு இன்னாதான் பண்ணாரு?” என்று வீரமணி மகளைக் கேட்டார்.  நான் அவசரமாக அனு பக்கம் திரும்பினேன்.

“இத்தன பேரக் கேட்டு எழுதியிருக்கியே, உன்னுத ஏம்மா விட்டுட்ட?” என்றேன்.

“என்னை யாரும் கேக்கல சார்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றரை.

“சரிம்மா, உனக்கு இன்னா படிக்க ஆசை?” வீரமணிதான் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

அனு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மத்தவங்களுக்கு நான் அரைமணி நேரம் குடுத்தேன் நைனா. கூட வந்த பெரியவங்கள கடைக்கு வெளியத்தான் நிக்க வெச்சேன்.”

நானும் வீரமணியும் எழுந்து வெளியே போய் நின்றோம்.