மாடிப்படியில் வெடித்த பலூன்

"டமால்!"

மாடிப்படி முழுக்க அதிர்ந்தது. அதன் எதிரொலி சுவருக்குச் சுவர் உருண்டு கீழே போவதற்குள், முதல் மாடியிலிருந்து "ஐயோ, அம்மா!" என்று ஓர் அலறல் கிளம்பி மேலே வந்தது.

ஜன்னல் ஓரத் திருப்பத்தில், ஒரு கையில் ஊசியும் மறு கையில் கிழிந்த சிவப்பு ரப்பருமாக நின்ற சவுண்டு இன்ஜினியரம்மா சலித்துக்கொண்டாள்.

"போச்சு! அலறலும் சேர்ந்து மைக்ல விழுந்துடுச்சு. இன்னொன்னு ஊது."

"அண்ணி, கன்னமே கழண்டுடும் போலிருக்கு" என்றபடி நாத்தனார் அடுத்த பலூனை எடுத்தாள்.

இத்தனைக்கும் காரணம் அவள் பாட்டுதான். தெருச் சத்தம் விழக்கூடாது என்று துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்த பாட்டு. குரல் துல்லியமாக இருந்தது. ஆனால், கேட்பவருக்கும் அலமாரிக்குள் அடைபட்ட மாதிரி மூச்சு முட்டியது. இன்று மாலைக்குள் இசைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். "இப்படியே போனா மானம் போகும். சரியா வரலேன்னா அனுப்பவே மாட்டேன்" என்று நாத்தனார் சபதம் போட்டுவிட்டாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான். முதல் பாட்டு இப்படியே முடங்கிவிட்டால் இனி வாயே திறக்கமாட்டாள் என்று இன்ஜினியரம்மாவுக்குத் தெரியும்.

இன்ஜினியரம்மா சும்மா இருப்பாளா? மாதக்கணக்கில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பிரமாண்டமான அரங்கத்தைக் கணக்குப் போட்டுக் கட்டியிருந்தாள். எந்தப் பாட்டை உள்ளே விட்டாலும் அரங்கத்தில் பாடிய மாதிரி விரிந்து வெளியே வரும். ஆனால் நாத்தனார் மசியவில்லை.

"காலையில நம்ம மாடிப்படியில யாரோ பாடுறாங்க அண்ணி. கதவைத் திறந்தா டக்குனு நின்னுடுது. அந்தக் குரல் என்னமா மிதந்து வருது! எனக்கு அதுதான் வேணும்."

"அது யார் வீட்டு ரேடியோவோ! உன் திருப்திக்கு மாடிப்படியையும் எடுத்துடறேன், விடு."

அதற்குத்தான் பலூன். அது வெடித்ததும் மாடிப்படி திருப்பிச் சொல்லும் எதிரொலியைப் பதிவு செய்து பாட்டின் மேல் போர்த்திவிட்டால், பாட்டு அங்கேயே நின்று பாடியது போலாகிவிடும்.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். முதல் மாடி கிளினிக்கிலிருந்து பல் டாக்டர் வந்தார். முகமூடி தாடையில் தொங்கியது. சுட்டுவிரலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, இது வீடா, போர்க்களமா? பல்லைப் பிடுங்கப் போற நேரத்துல வெடிச்சா என்ன ஆகும்? அந்த மனுஷன் என் விரலைக் கடிச்சுட்டாரு!"

"அவ்வளவு பலமான பல்லை ஏன் டாக்டர் பிடுங்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

டாக்டர் முறைக்கத்தான் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. விஷயத்தைக் கேட்டதும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "சரி, வெடிங்க. நான் மூச்சு விடலை. ஆனா பாட்டை முதல்ல எனக்குத்தான் போட்டுக் காட்டணும்" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

மாலையில், விரலில் கட்டுடன் சொன்னபடி வந்து நின்றார். கூடத்து மேஜையில் பரீட்சை ஆரம்பமானது. அலமாரியில் பாடியது, கம்ப்யூட்டர் அரங்கம், மாடிப்படி என மூன்று பதிவுகள். எது எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு வரிசையைக் கலைத்துப் போடும்வரை இன்ஜினியரம்மா சுவரைப் பார்த்து நின்றாள். தன் சமையலைத் தானே மெச்சிக்கொள்ளக்கூடாது என்பது அவள் தொழிலில் கறாரான விதி.

முதல் பதிவு ஓடியது. மூவர் முகமும் சுருங்கியது. அலமாரிதான், சந்தேகமே இல்லை.

இரண்டாவது வந்தது. அறையின் சுவர்கள் விலகி வழிவிட்டது போல இருந்தது. குரல் முன்னால் நின்று பாடியது. அதன் நிழல் மெல்லப் பின்னால் நடந்தது. இன்ஜினியரம்மாவின் கை மயிர் சிலிர்த்தது.

மூன்றாவதும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் குரல் எங்கோ தூரத்தில் தொலைந்து போயிருந்தது.

"ரெண்டாவதுதான்!" துள்ளிக் குதித்தாள் இன்ஜினியரம்மா. "இதுதான் நான் கட்டின அரங்கம். பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளையை? மூணாவதுதான் உங்க மாடிப்படி. எங்கேயோ கிணத்துக்குள்ள கேக்குது பாருங்க!"

"இல்லம்மா" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டாவதுதான் மாடிப்படி."

"டாக்டர், பல்லைப் பத்தி நான் ஏதாவது பேசறேனா?"

"பேசும்மா, வேண்டாங்கலை. ஆனா அங்க குரலை நீட்டினா, கடைசியில அந்த இரும்புக் கைப்பிடி லேசா சிணுங்கும். இதுலயும் சிணுங்குது. இன்னொரு தரம் போடு."

போட்டார்கள். பாட்டு முடிந்த இடத்தில், கொலுசைத் தொட்டுவிட்ட மாதிரி ஒரு மெல்லிய சிணுங்கல். நாத்தனார் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி... மாடிப்படிதான்!"

இன்ஜினியரம்மாவே முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "மாசக்கணக்குல கட்டின அரங்கத்தை ஒரு பலூன் தோக்கடிச்சுடுச்சேடி! நானே அதுக்கு ஓட்டும் போட்டுட்டேனே! போ, எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. அனுப்பு!"

நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். பாட்டு கிளம்பிப் போனது. அண்ணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். மூச்சு வாங்க நின்றபோதுதான் இன்ஜினியரம்மாவுக்குப் பொறி தட்டியது.

"அது சரி டாக்டர்... நான் மைக் வெச்சுக் கேட்டும் எனக்குத் தெரியல. அந்தக் கைப்பிடி சிணுங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"தினமும் காலையில கிளினிக்கைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்கிட்ட நின்னு பாடுறேன்ல... இவ கதவைத் திறந்தாதான் வெக்கமா இருக்கும்."