பூச்சியத்தில் நின்ற ஊசி

கொன்ஸ்ரன்ஸ் ரீச்சருக்குக் காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. திசைகாட்டி முள்ளை மின்கம்பி திருப்பியதைக் கண்ட ஏர்ஸ்டெட் முதல் பரடே வரை, ஒரு கிழமையாக எழுதிப் பாடசாலை ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருந்த காந்த வரலாற்றை யாரோ கிழித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நலன்விரும்பிகள் சங்கத் தலைவர் ஹியூபேட்டின் படம் தொங்கியது. காந்தத்துக்கும் ஹியூபேட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பு, கமரா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர் தானாகத் திரும்பிவிடுவார் என்பதுதான்.

“பரடே எங்க, மிஸ்டர் ஹியூபேட்?”

“மேசைக்குக் கீழ வச்சிருக்கு ரீச்சர். அந்தாள் செத்து நூறு வருஷத்துக்கு மேல. நான் உயிரோட இருக்கிறன்தானே.”

அந்த அறையைச் சங்க அலுவலகமாக்கித் தரும்படி மனுப் போட்டிருந்தவரும் அவர்தான். ‘சாமான் ஒன்றும் வேலை செய்வதில்லை’ என்பது மனுவின் சாரம். கல்வி அதிகாரி பற்றிக் இன்று பாடசாலை விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்து, அறையைப் பார்த்து, அங்கேயே முடிவை எழுதிவிட்டுப் போவார். அறை போனால், உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் எட்டுப் பெண்பிள்ளைகளும் மனையியலுக்குப் போகவேண்டியதுதான். கொட்டாஞ்சேனையில் அவர்களுக்கு வேறு ஆய்வுகூடம் யார் திறந்து வைத்திருக்கிறார்கள்?

பற்றிக் வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது, குத்துவிளக்கு எரிந்தது. காந்தம் ஒற்றுமையின் சின்னம் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை; அவரும் ஹியூபேட்டும் ஒலிவாங்கிக்கு முன்னால் இடிபட்டதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

பிறகு மேசைக்கு வந்தார்கள். செப்புக்கம்பிச் சுருள், அதன் இரண்டு நுனியிலும் பூட்டிய, மின் ஓடினால் ஊசி அசையும் கல்வனோமானி, ஒரு சட்டக் காந்தம். ஸ்ரூடியோக்காரர் தாஸிம் கமராவைத் தூக்கினார்.

“காந்தத்த உள்ளுக்கு வச்சு அப்புடியே நில்லுங்க சேர். ஆடினா படம் கலங்கிடும்.”

பற்றிக் காந்தத்தைச் சுருளுக்குள் குத்தினார், கமராவுக்குத் திரும்பினார், பல்லைக் காட்டியபடி சிலையானார்; பக்கத்தில் ஹியூபேட்டும் அப்படியே. குத்திய கணத்தில் ஊசி துள்ளியது. அதைக் கண்டது கொன்ஸ்ரன்ஸ் மட்டுந்தான். வெளிச்சம் பளிச்சிட்டு எல்லாரும் மேசையைப் பார்த்தபோது ஊசி பூச்சியத்தில் நின்றது.

“பாத்தீங்களே சேர்? நான் சொன்னனான்,” என்றார் ஹியூபேட்.

பற்றிக் பேனையைத் திறந்தார்.

“பேனையை மூடுங்கோ சேர்.”

கொன்ஸ்ரன்ஸின் குரல் உயரவில்லை.

“இவர் கிழிச்ச தாளில கொலடன் எண்டு ஒராள் இருந்தவர், ஜெனீவாக்காரர். காந்தம் ஊசியைக் குழப்பிப்போடும் எண்டு ஊசியை மற்ற அறையில வச்சவர். இங்க காந்தத்தைத் தள்ளிப்போட்டு, அங்க நடந்துபோய்ப் பாத்தார். ஊசி பூச்சியம். ஆறு வருஷம் கழிச்சுப் பரடே பக்கத்தில நிண்டு பாத்தார், ஊசி துள்ளினது. காந்தம் அசையிற நேரம் மட்டும்தான் கம்பியில மின் ஓடும். சும்மா நிண்டால் ஒண்டுமில்லை. கொலடனாவது ஒரு அறை தாண்டினவர். நீங்கள் கழுத்தை மட்டும்தான் திருப்பினீங்கள்.”

தாஸிம் சிரிப்பை இருமலாக்கி மறைத்தார்.

“இப்ப ஊசியை மட்டும் பாருங்கோ.”

காந்தத்தை உள்ளே தள்ளினாள், ஊசி வலப்பக்கம். இழுத்தாள், இடப்பக்கம். மறுபடி தள்ளி, கோபத்தில் வேகமாக இழுத்தாள். ஊசி இன்னும் தூரம் பாய்ந்தது.

“அட, ஆடுது,” என்றார் பற்றிக்.

“முதலும் ஆடினது சேர்.”

‘சாமான் வேலை செய்கிறது. அறை ஆய்வுகூடமாகவே இருக்கட்டும்’ என்று பற்றிக் எழுதி ஒப்பமிட்டார். நன்றியுரையில் ஹியூபேட், பிரதம விருந்தினரின் கைராசியாலேயே ஊசி அசைந்ததென்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கொன்ஸ்ரன்ஸ் தன் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுகிழமை சட்டம் போட்ட படம் அன்பளிப்பாக வந்தது: சுருளுக்குள் காந்தம், இரண்டு வாய்நிறையப் பல்லு, பூச்சியத்தில் ஊசி. திரும்பச் சுவரில் ஒட்டிய பரடேக்குப் பக்கத்தில் அவளே ஆணி அடித்து மாட்டினாள். அந்தத் தவணைப் பரீட்சையின் முதற்கேள்வி இது:

‘சுவரிலுள்ள படத்தில் ஊசி ஏன் அசையவில்லை? விளக்குக. பத்துப் புள்ளிகள்.’

எட்டுப் பேருக்கும் பத்து.