பதில் சொல்லாதவர்களின் எண்

காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அக்கா விஷயத்தைப் போட்டுடைத்தாள்.

"அவர் வீட்டுக்குப் போன் பண்ணி உனக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன்."

"நான் எப்பக்கா சொன்னேன்?"

"வேணாம்னும் சொல்லலையே! ஒரு வாரமா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தங்கை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

அவளுக்குச் சர்வே கம்பெனி ஒன்றில் புள்ளிவிவர வேலை. அக்கா சொன்ன 'அவர்', அதே கம்பெனியில் ஆட்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேள்வி கேட்டு வருகிறவன். ஆபீஸில் அவனுக்குப் பெயரே 'வெயில்'. போன வாரம் பிரிண்டர் பக்கத்தில் நின்று, "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு இடத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் அக்காவிடம் மட்டும் அவன் கேட்டதைச் சொன்னாள். அவனைப் பிடித்திருந்தது. அவன் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பதுதான் பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு ஒரு குடியிருப்பைப் பற்றிய அறிக்கையை முடித்தாக வேண்டும். 'இங்கேயே தொடர்ந்து வசிக்க விருப்பமா?' என்பது கேள்வி. 'துளியும் இல்லை' என்றால் ஒன்று, 'மிகவும் உண்டு' என்றால் ஐந்து. அறிக்கை கேட்டவர்களுக்கு இந்த ஐந்து படிகள் வேண்டாமாம். உண்டா இல்லையா, அவ்வளவுதான். ஆகவே நான்கும் அதற்கு மேலும் வந்தால் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம் என்று முதல் நாளே கம்ப்யூட்டருக்கு ஒரே வரியில் உத்தரவு போட்டு, வந்த அட்டவணையை மேனேஜருக்கும் காட்டியிருந்தாள்.

இன்று தெருவாரியாகப் பார்த்தால், இருக்க விருப்பமுள்ளவர்களில் குடியிருப்பின் பின்தெருவுக்குத்தான் முதலிடம். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்விக்கு உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள் என்று வெயில் அலுத்துக்கொண்டது நினைவில் இருந்தது.

பதில் சொல்லாதவர்களுக்கு ஒன்பது போடுவது ஆபீஸ் வழக்கம். ஒன்பது, நான்குக்கு மேல்தானே! வாயே திறக்காதவர்கள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டர் 'உண்டு' பக்கம் தள்ளியிருந்தது.

"எங்கக்காவைவிட நீ தேவலாம்னு நெனச்சேன். நீயும் அப்படித்தானா?" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

ஒன்பதுகளை இரண்டிலும் சேராத வெற்றிடமாக மாற்றினாள். விருப்பமுள்ளவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள்.

புது அட்டவணையைப் பார்த்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து எல்லாரும் இருக்கேன்னாங்க. அதுக்குள்ள மூட்டை கட்டிட்டாங்களா?"

"அவங்க ஒண்ணுமே சொல்லல சார். நான்தான் சொன்ன மாதிரி ஆக்கிட்டேன்."

அவர் முகம் கடுத்தது. ஆனாலும் திருத்திய தாளைத்தான் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வெயில் வந்து அவள் மேஜையருகே நின்றான்.

"உங்கக்கா போன் பண்ணாங்க."

"தெரியும்."

"அம்மா உடனே மண்டபம் பாக்கக் கிளம்பிட்டாங்க. கையைப் பிடிச்சு உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்."

"ஏன்?"

"நீங்க சொல்லலையே. என் கணக்குல நீங்க இன்னும் ஒன்பதுதான்."

அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள்.

"பிடிச்சிருக்கு. ஆனா மாசத்துல பாதி நாள் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "உள்ளூர்ல வேலை கேக்கறேன். தரலைன்னா?"

"அப்ப வேணாம்."

"சரி, இதை எதுல சேர்க்கறது? ஒண்ணா, பூஜ்யமா?"

"இப்ப எதுலயும் சேர்க்காதீங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

"அதுவரைக்கும் அம்மா?"

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்."

அவன் எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான்.