அன்னூர் சாலைத் தலைவலி

அன்னூர் சாலையில் சைக்கிள் மிதித்தால் மட்டும் இந்துவுக்குத் தலை வலித்தது. குன்னூரில் எத்தனை ஏற்றம் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. கோத்தகிரி வரை போய்த் திரும்பி, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அன்னூர் போகும் சமதளச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும், நெற்றிப்பொட்டு தெறிக்கும், குமட்டும். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் இதே கதை.

சும்மா ஊர் சுற்றுவதற்கு என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு மறந்திருப்பாள். டிசம்பரில் அவளும் கணவன் சந்துருவும் ராஜஸ்தான் பாலைவனத்தைக் கடந்து ஆரவல்லி மலைகள் வரை சைக்கிளில் போவதாக இருந்தார்கள். அந்தப் பாதையில் ஓரிடத்தில் நாலு மணி நேரத்துக்குக் கடையும் இல்லை, குழாயும் இல்லை.

“மணலுக்கு நானும் என் ஃப்ரெண்டு தீபக்கும் போறோம். நீ ரயில்ல நேரா மலைக்கு வந்துரு, அங்க சேந்துக்கலாம்” என்றான் சந்துரு.

“ஏனுங்க, ரெண்டு வருசமா மேப்பைப் பாத்து வழி போட்டது நானு. மணல்ல ஓட்டறது தீபக்கா?”

“நடுவழியில நீ வாந்தி எடுத்தா நான் யாரைக் கூப்படறது, ஒட்டகத்தையா? டிக்கெட் போடறதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா நம்ம ரெண்டு பேருக்குமே மணலுக்குப் போடறேன்.”

ஹெல்மெட் இறுக்கமோ என்று பட்டையைத் தளர்த்திப் பார்த்தாள். வலித்தது. மலை இறங்கும்போது காது அடைக்கிறதே, அதுவோ என்று முந்தின நாளே இறங்கித் தங்கிப் பார்த்தாள். அப்போதும் வலித்தது. இட்லியை விட்டுப் பழையது சாப்பிட்டாள். கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். ஒன்றும் பிடிபடவில்லை. கூடவே ஓட்டும் சந்துருவுக்கோ எதுவுமே இல்லை. வழியில் இளநீர், கரும்புச்சாறு எதையும் விடமாட்டான். தீனிப்பண்டாரம் என்று அவள் கேலி செய்வாள்.

தண்ணீர் போதவில்லையோ என்றும் யோசித்தார்கள். ஆனால் அவளுக்குத் தாகமே எடுப்பதில்லை, பாட்டிலில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. அதைவிட, சட்டை காய்ந்து கிடக்கிறது. குன்னூரிலோ ஏறி முடித்தால் சட்டையைப் பிழியலாம். அவ்வளவு வேர்த்தும் வலிக்காத தலை, வேர்க்காத இடத்தில் ஏன் வலிக்க வேண்டும்?

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவு இந்துவின் பொறுப்பு. பறித்த இலையை நீளமான தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். இலைக்குள் இருக்கும் தண்ணீர் குறைந்து துவண்டால்தான் உடையாமல் சுருட்ட முடியும். அன்று, புதிதாக வேலைக்கு வந்த காத்தாயி ஒரு பிடி இலையை அள்ளிப் பார்த்தாள்.

“மேடம், ஈரமே இல்ல. ஃபேனை ஆஃப் பண்ணிரட்டா? சும்மா கரண்டைத் தின்னுக்கிட்டுக் கெடக்கு.”

“தொட்டுப் பாத்தாத் தெரியாது காத்தாயி. உள்ள இருந்து தண்ணி வரவரக் காத்து கொண்டு போயிருது. எடை போட்டாத்தான் எவ்வளவு போச்சுன்னு...” இந்து பாதியில் பேச்சை நிறுத்தினாள். காய்ந்து கிடந்த சைக்கிள் சட்டை நினைவுக்கு வந்தது.

“ஃபேன் ஓடணுமா, வேணாமா மேடம்?”

“ஓடட்டும், ஓடட்டும்.”

மலையில் காற்றே ஈரம். வேர்வை எங்கும் போக முடியாமல் சட்டையிலேயே தங்கும். ஆகவே சட்டை நனைந்தால் வேர்த்தது, காய்ந்தால் வேர்க்கவில்லை என்பது மலைக்காரர்கள் கணக்கு. அன்னூர் சாலையில் காற்று வறண்டது. சைக்கிள் போகிற வேகத்துக்கு எதிர்க்காற்றும் சேரும். வேர்வை சட்டையில் படியுமுன் ஆவியாகிவிடுமோ? அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஹெல்மெட் விஷயத்திலும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிறு காலை, மேட்டுப்பாளையத்தில் சந்துருவின் சிநேகிதர் அய்யாவுவின் உருளைக்கிழங்கு மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள்.

“அம்மிணி, கிழங்குக்குச் சாக்கு எடையைக் கழிப்போமுங்க. உங்களுக்கு எதைக் கழிக்கறது?” என்றார் அய்யாவு.

“ஷூவைக் கழட்டிட்டேனுங்க. நம்பரைச் சொல்லுங்க.”

ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தாள். தலை வலித்தது. சட்டை வழக்கம்போலக் காய்ந்திருந்தது. தராசு ஐம்பத்தாறு புள்ளி இரண்டு காட்டியது.

“ஒரே காலைல இத்தனை எறங்கிருச்சா! என்ற சம்சாரத்தையும் அனுப்பறனுங்க” என்றார் அய்யாவு.

“கொழுப்பில்லீங்க, தண்ணி. ரெண்டு சொம்பு குடிச்சாத் திரும்பி வந்துரும்.”

சந்துரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். “அறுநூறு மில்லிதான் குடிச்சிருக்கே. எடையில போனது ஒண்ணு புள்ளி எட்டு கிலோ. குடிச்சதும் வேர்வையாத்தானே போயிருக்கும்?”

“ஆமா. மொத்தம் ரெண்டு புள்ளி நாலு லிட்டர். மணிக்கு ஒண்ணேகால் லிட்டர்னு வெச்சுக்குங்க.”

“சட்டை காஞ்சுல்ல இருக்குது?”

“அதை நம்பித்தானுங்க இத்தனை வாரம் தலைவலியோட கெடந்தேன்.”

அடுத்த ஞாயிறு, தாகத்துக்குக் காத்திராமல், ஃபோனில் அலாரம் வைத்துக் குடித்தாள். தலை வலிக்கவில்லை. எடையும் அரைக் கிலோதான் குறைந்திருந்தது. மண்டி வாசலில் நின்றபடியே சந்துரு இரண்டு டிக்கெட் போட்டான்.

அவர்கள் முடிவு செய்த முறை இதுதான்: ஓட்டும் முன்னும் பின்னும் எடை பார், குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டி, ஓட்டிய மணிகளால் வகு. இந்துவுக்கு மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் வருகிறது, அதனால் கடையில்லாத அந்த நாலு மணி நேரத்துக்கு அவள் பங்கு ஐந்து லிட்டர், கைக்காவலுக்கு இன்னும் ஒன்று. வேர்வையோடு உப்பும் போவதால், அதில் உப்பும் சர்க்கரையும் கலந்து, சட்டை காய்ந்திருந்தாலும் தாகம் இல்லாவிட்டாலும், கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய டம்ளர், அதாவது முந்நூறு மில்லி, குடிக்க வேண்டும்.