வேர்த்த தலைக்கு உப்பு

சம்பங்கித் தாத்தா கேழ்வரகுக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும் என்பதால், தொட்டிலில் சிணுங்கிய பேத்திக்கு வாயாலேயே சமாதானம் சொன்னார். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அந்தச் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் இருந்தது ஓர் அறைதான். கையை உயர்த்தினால் தகரக் கூரை தட்டும். காலை பத்து மணிக்கே அது காய்ந்து, உள்ளே இருப்பவர்களை வேகவைக்கத் தொடங்கிவிடும். மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

கஞ்சியை இறக்கியதும், மூன்று விரலால் உப்பை அள்ளி அதில் தூவினார்.

பக்கத்து வீட்டு ஜெயமேரி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, ஒம்பது மாசக் கொழந்தைக்கு இம்மாம் உப்பா? பாப்பாவ கேஜ்ல ஏத்தி சொரங்கத்துல எறக்கப் போறீங்களா?"

"நீ சும்மா இரும்மா. தலயத் தொட்டுப் பாரு, தொப்பலா கீது. வேர்த்தா ஒடம்புல இருக்கிற உப்பு எறங்கிப்பூடும். எறங்கினத ஏத்தணும்."

இருபத்திரண்டு ஆண்டுகள் சுரங்கத்தின் அடி லெவல்களில் பாறை துளைத்தவர் அவர். ஷிஃப்ட்டின் நடுவே எவனாவது சுருண்டு விழுந்தால், முதலில் அவன் வாயில் உப்புக் கரைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். அவ்வாறு எழுந்து நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று நம்பியிருந்தார்.

குழந்தை வாணியின் தாய் ஷோபா, விடியற்கால ரயிலில் பெங்களூருக்குக் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புபவள். அவள் கணவன், சம்பங்கியின் மகன் திலீப், ஓசூரில் வெல்டராக இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். குழந்தைக்கு இருமுறை காய்ச்சல் வந்தபோது ஷோபா விடுப்பெடுத்தாள். இன்னொரு நாள் லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

அந்த இன்னொரு நாள் புதன்கிழமையன்று வந்தது. விடிந்தபோது குழந்தையின் முகம் உப்பியிருந்தது, இமைகள் தடித்திருந்தன. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் தம்ளரை விடாமல் அழுதது. ரயில் போன பிறகும் ஷோபா வீட்டில் இருந்தாள். பிறகு மாமனாரையும் அழைத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் இருந்த குழந்தை டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா, அங்கேயே எடுத்த இரத்தப் பரிசோதனையின் தாளை இரண்டு முறை படித்தார்.

"இன்னா குடுக்கறீங்க?"

"கேவுரு கஞ்சிதான் மேடம், நாலு வேளை. நடுவுல பாக்கெட்டுப் பாலு," என்றாள் ஷோபா.

"உப்பு?"

"நான் போடறதில்ல மேடம்."

"நாந்தான் போடறேன்," என்றார் சம்பங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து. "கொழந்தைக்கு ரொம்ப வேர்க்குதுங்க. அண்டர்கிரவுண்ட்ல வேர்த்தா உப்புதான் குடுப்பாங்க."

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார்.

"அவ இன்னும் மைன்ஸ்ல சேரல தாத்தா. கொழந்தையோட கிட்னி பிஞ்சு. அவ்ளோ உப்ப வெளிய தள்ள அதால முடியாது. அவளுக்கு வேண்டிய உப்பு பால்லயே இருக்கு. ஒரு வயசு வரைக்கும் நீங்க ஒரு கல்லு கூடப் போடாதீங்க. அப்புறமும் பேருக்குத்தான். சிப்ஸ், ஊறுகா, பாக்கெட்டு சூப்பு, எதுவும் கூடாது. நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க. வேர்க்காம காத்தோட்டமா வைங்க."

"வீடே தகரம் மேடம்," என்றாள் ஷோபா.

டாக்டரம்மா அடுத்தவரின் சீட்டை எடுத்தார்.

திரும்பி வரும் வழியில் ஷோபா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். சம்பங்கி இரண்டு அடி பின்னால் நடந்தார். சுரங்கத் தூசி படிந்த நெஞ்சு, மேட்டில் ஏறும்போது விசிலடித்தது. அவள் நின்று, அவர் வந்து சேரும் வரை காத்திருந்தாள்.

"நான் நல்லதுன்னு நெனச்சேன்ம்மா."

"தெரியும் மாமா. இனிமே போடாதீங்க. வேல போனா பால் வாங்கக் கூட வழி கிடையாது."

மறுநாள் அவள் ரயிலுக்குப் போன பிறகு, அவர் உப்பு ஜாடியைக் கொண்டுபோய் ஜெயமேரியிடம் கொடுத்துவிட்டார். "எனக்கும் வேணாம். வீட்ல இருந்தா கை தானா போவுது," என்றார்.

"அடேங்கப்பா! சம்பங்கியண்ணன் உப்பில்லாமச் சாப்பிடப் போறாராம். பேப்பர்ல போடச் சொல்லட்டுமா?"

உப்பில்லாத கஞ்சியை வாணி ஏற்கவில்லை. முதல் வாயை அவர் சட்டையில் துப்பியது. இரண்டாவதை நாக்கால் வெளியே தள்ளியது. வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தார். தாய்ப்பாலை முன்னரே மறந்திருந்த குழந்தை, பசியில் கால்களை உதைத்து அழுதது. ஷோபாவிடம் கேட்கலாமென்றால், வேலை நேரத்தில் கைப்பேசிகளைக் கம்பெனியில் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். அவர் குழந்தையை வேப்ப மரத்தடிக்குத் தூக்கிப் போனார். காக்கையைக் காட்டி ஒரு வாய், ஆட்டைக் காட்டி ஒரு வாய். ஒரு கிண்ணம் தீர ஒன்றரை மணி நேரமாயிற்று. வழித்தெடுத்த கிண்ணத்தைச் சாயங்காலம் ஷோபாவிடம் காட்ட வேண்டுமென்று கழுவாமல் வைத்தார்.

நண்பகல் தாண்டியதும் ஷோபா தெருவில் வருவது தெரிந்தது.

"இன்னாம்மா, ரயிலு தவறிட்சா?"

"இல்ல மாமா. கேட்ல நிறுத்திட்டாங்க. என் மிஷின்ல வேற பொண்ணு ஒக்காந்துக்கீதாம்."

அவர் கழுவாத கிண்ணத்தை எடுத்துவந்து அவளிடம் காட்டினார்.

"பாப்பா முழுசா சாப்பிட்டுச்சி," என்றார். "ஒரு கல்லு உப்பு கூடப் போடல."

"நல்லது மாமா."

ஷோபா கைகழுவி வந்து தரையில் அமர்ந்து, மதிய உணவுக்கென்று கட்டிக்கொண்டு போயிருந்த டப்பாவைத் திறந்தாள். அவள் முதல் கவளத்தை எடுப்பதற்குள் வாணி தவழ்ந்து வந்து, உள்ளே கைவிட்டுப் புளிச்சோற்றை அள்ளியது. ஷோபா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சோற்றை எடுத்தாள். குழந்தை வீறிட்டது. ஒரு தம்ளர் தண்ணீரில் பருக்கைகளைப் போட்டு அலசி, மஞ்சள் நீரை வடித்து, மறுபடியும் அலசினாள். மூன்றாம் முறை நீர் தெளிந்தது. ஒரு பருக்கையைத் தன் நாக்கில் வைத்து உப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை மசித்துக் குழந்தைக்கு ஊட்டினாள். குழந்தை மறுபடி வாயைத் திறந்தது. ஷோபா டப்பாவிலிருந்து அடுத்த பிடியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.