கங்காணி மகள் சொன்ன பேர்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் நல்லொழுக்கம் என்று புதிதாக ஒரு பாடம் நடத்த வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறதாம். லுணுகலைக் கடைவீதியில் இந்தச் செய்தி காதில் விழுந்தபோது இராமையா கங்காணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும், கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், அதெல்லாம் சரி. எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லையென்று இவர்களிடம் யார் போய்ச் சொன்னது? வாங்க வந்த கருப்பட்டியை மறந்துவிட்டு, வழி நெடுகத் தனக்குத் தானே பேசிக்கொண்டே தோட்டத்துக்கு ஏறினார்.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பள்ளிக்கூடம் அவர் கேட்டு வாங்கியது. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி என்று பேர், கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, ஆளைப் பயமுறுத்தும் மீசை எல்லாம் இருந்தும் மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் மகள் தனலெட்சுமியாவது படிக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் நடையாய் நடந்து, உர மூட்டை அடுக்கியிருந்த பழைய பசளைக் காம்பராவைக் காலி பண்ண வைத்து, நாற்றம் போக மூன்று தரம் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். துரையும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சர்க்கார் கல்வி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் பசளை மூட்டை பழையபடி உள்ளே வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். இருபத்தைந்து பிள்ளைகள் வர வேண்டும் என்பது சட்டம். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, அதட்ட வேண்டிய இடத்தில் அதட்டி, சரியாக இருபத்தைந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார் கங்காணி. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

வாத்தியார் தங்கராஜா பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். துணி அளக்கப் பிடிக்காமல் சாக்குக்கட்டியைப் பிடித்தவர். நல்லவர், ஆனால் கங்காணியின் மீசையைக் கண்டால் அவருக்குக் குரல் பாதியாகிவிடும். புதிய பாடத்தை எப்படி நடத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன், களவு செய்ய மாட்டேன், பிறருக்கு உதவி செய்வேன் என்று பிள்ளைகளைக் கோரஸாகக் கத்த வைத்தார். அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கங்காணி முகத்தைச் சுளித்துக்கொள்வார். செய்யாத களவைச் செய்ய மாட்டேன் என்று எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும் என்பது அவர் கட்சி.

இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது. பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. மனிதர் மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து, தோட்டத்து ரோட்டில் வண்டியும் ஏறாமல், கடைசி மேட்டை நடந்தே ஏறி, வியர்த்து விறுவிறுத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் துரை. வாசல் நிலையில் சாய்ந்தபடி கங்காணி. தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரிய பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு ஒருமுறை வரிசையைக் கண்ணால் தடவினார். ஒரு தலை குறைந்தது.

கருப்பம்மாவின் மகள் ரெங்கம்மாவைக் காணோம். கருப்பம்மாவின் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். தாய் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருப்பாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் லயத்தில் நின்றிருப்பாள். ஆள் அனுப்பலாம் என்றால், வாத்தியார் அதற்குள் பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தலை குனிந்தபடி, ஒவ்வொரு பேருக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் "ஐயா" "ஐயா" என்றார்கள். ரெங்கம்மாவின் பேரும் வந்தது.

"ஐயா" என்றது ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் கோடு போட்டார். வாத்தியாருக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. குரல் யாருடையது என்று கங்காணிக்குத் தெரியாதா? பெற்றவர் அல்லவா? கடைசி வரிசையில் தனலெட்சுமி ஒன்றும் அறியாத பூனை போல உட்கார்ந்திருந்தாள். என் மகள் கெட்டிக்காரி என்று கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு வாசிப்பு, கணக்கு எல்லாம் குறையில்லாமல் முடிந்தது. கடைசியில் புதிய பாடம். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் காதைத் தேய்த்துக்கொண்டு, இது வாயால் சொல்வது, கையால் செய்தது என்ன என்று கேட்டார். இன்று காலையில் அடுத்தவருக்கு யாராவது ஒரு நல்ல காரியம் செய்திருந்தால் எழுந்து சொல்லலாம் என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் பீலியிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொடுத்ததாகச் சொன்னான். இன்னொருத்தி வாசல் கூட்டினேன் என்றாள். அடுத்தது தனலெட்சுமி எழுந்தாள். முகமெல்லாம் பெருமை.

"ரெங்கம்மா இன்னிக்கி வரலைங்க. அவளுக்குப் பதிலா நான் பேர் சொன்னேங்க."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, கோபப்படாமல், ஆச்சரியத்தோடுதான் கேட்டார். இதை நல்ல காரியம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றார்.

"எங்கப்பாதாங்க." தனலெட்சுமி வாசலைக் கை காட்டினாள். "பெரட்டுல யாராச்சும் சொகமில்லாம வரலேன்னா, அடுத்த ஆளு அவங்களுக்குப் பேர் சொல்லணும். பேர் மட்டும் சொன்னா பத்தாது. அவங்க நெரையையும் நாமளே எடுத்துக் குடுக்கணும். அதனால ரெங்கம்மா கூட்டவேண்டிய எடத்தையும் நானே கூட்டிட்டேங்க."

விஷயம் இதுதான். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய சம்பளம் போயிற்று. அதனால் காய்ச்சலில் கிடப்பவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இருட்டில் யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள். அவளுக்குப் பிரித்துவிட்ட தேயிலை நிரையில் கிடக்கிற கொழுந்தைப் பக்கத்து நிரைக்காரிகள் பங்கு போட்டு எடுத்து, தராசில் நிறுத்து அவள் பேரில் சேர்த்துவிடுவார்கள். கங்காணிக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல வேறு பக்கம் பார்ப்பது அவர் வேலை. துரைக்கு மட்டும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

துரை மெல்லத் திரும்பினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"கங்காணி. இது நெசமா?"

சின்னப் பிள்ளை, ஏதோ உளறுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரையும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று கங்காணிக்குத் தோன்றியது. பெரிய கங்காணி வேலை, கோட்டு, லயத்தில் தனி வீடு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பத்திரமாக இருக்கும். ஆனால் தனலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஆமாம் என்று சொல்லப் போகிறார் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அத்தனை பேர் முன்னால் இவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு இவள் கையால் சோறு வாங்கித் தின்பது?

"நெசந்தாங்க தொரைகளே" என்றார் கங்காணி. "ரொம்ப வருசமா நடக்குது. நான்தான் செய்யச் சொன்னேன். பொம்பளைங்க மேல தப்பு இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிள்ளை மனசு நல்ல மனசு, ஆனாலும் வராத பிள்ளையை வந்ததாக எழுத முடியாது, இருபத்துநாலு பேரோடு பள்ளிக்கூடத்தை ஏற்கவும் முடியாது என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. தனலெட்சுமிக்கு அப்போதுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது.

"ஐயா ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க" என்றார் கங்காணி இன்ஸ்பெக்டரிடம். "அதுக்குள்ள வந்துர்றேன்."

ஆளை அனுப்பவில்லை, அவரே போனார். தலைப்பாகையை வாத்தியார் கையில் திணித்துவிட்டு, கோட்டும் மீசையுமாகப் பெரிய கங்காணி குறுக்குப் பாதையில் தடதடவென்று இறங்கி ஓடியதை அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் ரெங்கம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவர் தோளில், கோட்டுக்குள் பொத்தி வைத்தபடி, கருப்பம்மாவின் கைக்குழந்தை. குழந்தை சிணுங்கியது. கோட்டில் பால் கக்கியிருந்தது.

கைக்குழந்தையை உள்ளே கொண்டு வரக் கூடாது என்பது வாத்தியார் போட்ட சட்டம். அதனால் கங்காணி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார். வாத்தியார் மறுபடியும் முதலிலிருந்து பேர் கூப்பிட்டார். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்துக் கோடு போட்டார். ரெங்கம்மா மூச்சு வாங்க "ஐயா" என்றாள். தனலெட்சுமி தன் பேருக்கு மட்டும் குரல் கொடுத்தாள். வெளியே கங்காணி, ஊரே நடுங்கும் அந்தக் குரலை அடக்கி, யாரோ பெற்ற பிள்ளைக்கு ஆராரோ பாடிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் நிலைத்தது. புதிய பாடத்தில் என்ன கண்டீர்கள் என்று வாத்தியார் பயந்து பயந்து கேட்டதற்கு, இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்து, பாடம் அங்கே நடக்கிறது, நீங்கள் கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்க இறங்கினார். துரை மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் குதிரை ஏறிப் போய்விட்டார்.

அன்று கங்காணி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத பெரட்டுக் களத்தில் துரையே வந்து நின்றார். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். கருப்பம்மா என்றார். பதில் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கூடியிருந்தது, அவள் வரவில்லை. எத்தனையோ விடிகாலைகளில் கேட்ட அந்த இரவல் குரல் இன்று எழவில்லை. கம்பளிக்குள் பெண்கள் எல்லாரும் கங்காணியைத்தான் பார்த்தார்கள்.

கங்காணி ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"கருப்பம்மா வரலைங்க தொரைகளே. புள்ளைக்குக் காய்ச்சல். அவ நெரைய நாங்க எடுத்துருவோம்."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டின் தோளில் பால் கறை காய்ந்து கிடந்தது. அதையும் பார்த்தார்.

"கொழுந்து கொறையாதா?"

"ஒரு றாத்தலும் கொறையாதுங்க."

"பேர் போடு" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார் துரை.

பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறின பிறகு கங்காணி வீட்டுக்கு வந்தார். தனலெட்சுமி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றாள். ராத்திரி முழுக்க அழுத முகம். கருப்பம்மா வீட்டில் ஆள் நடமாட்டத்தை அவளும் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, இன்னிக்கிக் கருப்பம்மா அக்காவுக்கு யாரு பேர் சொன்னாங்க?"

"நான்தான்" என்றார் கங்காணி. "வரலேன்னு சொன்னேன். ஆனாலும் சம்பளத்துக்குப் பேர் விழுந்துருச்சு."

அவள் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து, பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் கூடவே நடந்தார்.